காசுக் கட்டியும் கல்யாண ஸ்டாண்டும்

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு என் ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் தாலுகா அலுவலகத்தின் வருவாய் ஆய்வாளர். எங்கள் ஊரில் ஆர்.ஐ. என்றுதான் சொல்வோம். மற்றவர் ஒரு கான்ஸ்டபிள். அவர் கையில் எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகவில்லையே என்று நினைத்தேன். அந்த நிமிடம் வரை அது சாதாரண வெள்ளிக்கிழமை.

புதிதாக ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். காசு, மோதிரம், கம்மல் மாதிரிச் சின்னப் பொருட்களைக் கிட்டத்தில் வைத்து எடுக்க எந்தக் கேமரா ஸ்டாண்டு வாங்கலாம் என்கிறீர்கள். கடையை மூடி எனக்குச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது என்னென்ன வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஸ்டாண்டை எப்படி நம்புவது, எப்போது நம்பக் கூடாது என்பதை அந்த ஒரே வெள்ளிக்கிழமையில் கற்றுக்கொண்டேன். ஆகவே அதைச் சொல்லிவிடுகிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் என் ஸ்டூடியோ இருந்தது. கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்ததால் கடையை நான்தான் பார்த்துக்கொண்டேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் உண்டு. அவற்றோடு பேட்டைக்காரர்களின் பொம்மை, கப்பு, மின்கம்பத்துப் பீங்கான் குமிழ் ஆகியவற்றையும் விளம்பரத்துக்காக எடுத்துக் கொடுப்பேன். பீங்கானின் மேல்பூச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் தெரிய வேண்டும் என்று கேட்பார்கள். அதற்காகவே மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தேன். ஊரில் அப்படி லென்ஸ் வைத்திருந்தவள் அப்போது நான் ஒருத்திதான். இல்லாவிட்டால் அந்த டிபன் டப்பா என் கடைக்கு வந்திருக்காது.

"காசுக் கட்டிம்மா. மண்ணுக்குள்ள கெடைச்சது. கிட்டத்துல எடுக்கணும்" என்றார் ஆர்.ஐ.

கான்ஸ்டபிள் மூடியைத் திறந்தார். உள்ளே ஈரத்துணி. அதைப் பிரித்ததும் எலுமிச்சை அளவில் பச்சை படிந்த கட்டி ஒன்று. சின்னச் செப்புக் காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தது. இடுக்கெல்லாம் வெள்ளை மண். எனக்குப் பழைய பொருள் என்றால் ஆசை. கண்ணை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கட்டியின் ஒரு பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வட்டமான குழி ஒன்று இருந்தது. அங்கே இருந்த காசு மட்டும் இல்லை. அது எங்கே போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே துணியை மடித்து வைக்கப் போனேன்.

அது எங்கள் வீட்டுத் துண்டு.

நீலக் கோடு போட்ட துண்டு. மூலையில் நான் சிவப்பு நூலில் போட்ட பெருக்கல் குறி. என் மகன் ஸ்டீபனின் மதியச் சோற்றைத் தினமும் அதில்தான் கட்டிக் கொடுப்பேன்.

"யாரு சார் கொண்டாந்தாங்க?" என்று கேட்டேன்.

"பேட்டைல மண்ணு டெஸ்ட் பண்ற பையன். நேத்து சாயங்காலம் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துலேந்து வந்த மண்ணு லோடுல கெடந்துதாம். ராத்திரி பூரா வூட்ல வெச்சிருந்துட்டு காலைல கொண்டாந்து குடுக்கறான். ஒரு காசை உருவிட்டான்னு லோடு எறக்கின ஆளுங்க புகார் சொல்றாங்க. ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்குது. ஈரத்துணில சுத்தி வெச்சிருக்கான் பாருங்க. ஊற வெச்சாத்தான காசு கழண்டு வரும்?"

ஈரத்துணி ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் பேட்டையில் மண்ணோடு வேலை செய்யும் யாரும் மண்ணிலிருந்து வந்த எதையும் காயவிட மாட்டார்கள். காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். செராமிக் டிப்ளமோ படித்த என் பையனுக்கு அது தூக்கத்திலும் வரும். தாலுகா ஆபீஸில் இதை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

"சார், அந்தப் பையன் என் புள்ள" என்றேன்.

ஆர்.ஐ. டப்பாவை மூடினார். கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் சுவரில் மாட்டியிருந்த கல்யாண ஜோடியைப் பார்த்தார். வேறு ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்றுதான் ஆர்.ஐ. முதலில் கிளம்பினார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

"மத்த எடத்துல பாஸ்போர்ட் போட்டோதான் எடுப்பானுங்க" என்று அலுத்துக்கொண்டார். "ஏம்மா, நீங்களே எடுங்க. ஆனா ஒவ்வொரு படத்தையும் இவரு பக்கத்துல நின்னு பாப்பாரு. கட்டிய நான் வெக்கறேன், நான் எடுக்கறேன். நீங்க கேமராவை மட்டும் தொடுங்க."

விஷயம் என்ன என்று அவரே சொன்னார். கடலூரில் பழங்காசுகளைப் பற்றித் தெரிந்த ஒரு மேடம் இருந்தார். ஆர்.ஐ. அவரிடம் போனில் கேட்டிருக்கிறார். குழிக்குள்ளும் வெளியே உள்ள மாதிரியே பச்சை படிந்திருந்தால் காசு எப்போதோ மண்ணுக்குள் இருக்கும்போதே விழுந்தது. உள்ளே செம்பு பளபளத்தால் இப்போது பெயர்த்தது. தொடாதீர்கள், கழுவாதீர்கள், தெளிவான படமாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். அவரால் திங்கட்கிழமைதான் நேரில் வர முடியும். இன்று மாலை ஐந்து மணிக்குக் கட்டியை சீல் வைத்துக் கருவூலத்தில் ஒப்படைத்தாக வேண்டும்.

"அதுக்குள்ள படம் வரலன்னா பையனை என்ன சார் பண்ணுவீங்க?"

"புகார் வந்திருக்குது. கேஸு எழுதித்தான் ஆவணும்." பிறகு மெதுவாகச் சேர்த்தார். "டார்ச் அடிச்சிப் பாத்தேம்மா. குழிக்குள்ள மினுக்குது."

இனி ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

முதலில் என் கல்யாண ஸ்டாண்டை எடுத்தேன். சென்னையில் வாங்கும்போது கடைக்காரர் அதை முழு உயரத்துக்கு இழுத்துக் காட்டியிருந்தார். நானும் உயரத்தைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன். கல்யாண மண்டபத்தில் தலைகளுக்கு மேலே எடுக்க அது போதும். மேசைமேல் கிடக்கும் காசை நேர்கீழே பார்த்து எடுக்க அது உதவாது. காலை அகட்டினால் மேசை இடிக்கிறது, நடுத்தண்டை நீட்டினால் மூங்கில் கழி மாதிரி ஆடுகிறது. திருகை இறுக்கிக் கையை எடுத்த பிறகும் லென்ஸ் மெதுவாகத் தலை குனிகிறது. தூரத்தில் இருப்பவரை எடுக்கும்போது அந்தக் குனிவு தெரியாது. நகம் அளவு குழியை எடுக்கும்போது குழியே படத்தைவிட்டு நகர்ந்துவிடும். எவ்வளவு உயரம் போகும் என்று பார்த்து ஸ்டாண்டு வாங்காதீர்கள். எவ்வளவு தாழ்வாக நிற்கும், இறுக்கிய இடத்தில் நிற்குமா என்று பாருங்கள்.

ஆடாமல் இருக்க நடுத்தண்டில் கேமரா பையைத் தொங்கவிட்டேன். பை ஊசலாடியது. ஊசலோடு ஸ்டாண்டும் ஆடியது.

"யக்கா, தொட்டில் கட்டினாப்புல இருக்குது" என்றார் கான்ஸ்டபிள். அவர் எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்துக்காரர், வயதில் சின்னவர். என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். என்னால் முடியவில்லை.

கட்டி உருண்டையாக இருந்ததால் குழி மேலே பார்த்தபடி நிற்க மறுத்தது. நான் பழக்க தோஷத்தில் ஒரு பிடி ஈர வெள்ளை மண்ணைக் கொண்டுவந்து மேசைமேல் அப்பினேன். கப்பு, பொம்மை எதையும் சாயாமல் நிறுத்த நாங்கள் செய்வது அதுதான்.

"என்னாம்மா பண்றீங்க! ஏற்கெனவே மண்ணு, அதுல இன்னொரு மண்ணா?" என்று ஆர்.ஐ. பதறி என் கையைத் தட்டிவிட்டார். அவர் சொன்னது நியாயம். புது மண் பழைய மண்ணோடு கலந்தால் அப்புறம் எது எது என்று யார் சொல்வது? அது மட்டுமில்லை. விளக்குச் சூட்டில் ஈர மண் காய்ந்துகொண்டே இருக்கும். நம் கண்ணுக்கு அசையாமல் இருக்கும், படத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். பொருளைக் கறைப்படுத்தாத, தானாக உருமாறாத ஒன்றின்மேல்தான் பொருளை வைக்க வேண்டும்.

கடைசியில் அந்தத் துண்டையே முறுக்கிச் சும்மாடு சுற்றினேன். தண்ணீர்க் குடத்துக்குத் தலையில் வைப்போமே, அதே வளையம். ஆர்.ஐ. கட்டியை அதில் உட்கார வைத்தார். குழி மேலே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றது.

இனி கேமரா. பின்னறையில் கருப்பு வெள்ளைப் படம் கழுவிய காலத்தில் படத்தைப் பெரிதாக்கிய என்லார்ஜர் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. கனமான அடிப்பலகை, அதில் நட்ட இரும்புத் தூண், தூணில் மேலும் கீழும் போகும் கை. அதன் விளக்குத் தலையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமராவைத் திருகினேன். லென்ஸ் நேர்கீழே பார்த்தது. தட்டினேன், அசையவில்லை. விலை கொடுத்து வாங்கிய எதுவும் அதற்கு ஈடாகாது. உங்கள் ஊரில் யாராவது பழைய என்லார்ஜரை இரும்புக்குப் போட்டால் ஓடிப்போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் போட்டதில் பள்ளம் முழுக்க வெள்ளையாக எரிந்துபோனது. அதனால் இரண்டு விளக்கை வைத்து, லென்ஸின் கண்ணைச் சுருக்கி, அரை விநாடி திறக்கும்படி செய்தேன். கையால் அழுத்தாமல் டைமர் போட்டுவிட்டு எட்டி நின்றேன். கேமரா சிவப்புக் கண்ணைச் சிமிட்டி எடுத்தது. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன்.

கலங்கல். அதுவும் சும்மாக் கலங்கல் இல்லை. குழிக்குள் இருந்த மினுக்கல் ஒரு கோடாக இழுபட்டு, புதுச் செம்பைக் கத்தியால் சுரண்டின மாதிரித் தெரிந்தது.

"தோ, செம்பு" என்றார் ஆர்.ஐ.

"இல்ல சார், இது ஆட்டம். ஒரு புள்ளி ஆடினா கோடாத்தான் தெரியும். எல்லாக் கோடும் ஒரே பக்கமா இருக்குது பாருங்க."

"ஒங்க புள்ளைங்கறதால சொல்றீங்க."

எல்லாத் திருகையும் மறுபடி இறுக்கினேன். அடிப்பலகைமேல் செங்கல் வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். ஒவ்வொரு படத்திலும் அதே கலங்கல், ஒரே திசையில். ஸ்டாண்டு அசையவில்லை, பொருள் அசையவில்லை, ஆள் அசையவில்லை. பின்னே எது? அந்தப் பயத்திலும் எனக்குள் ஒரு குறுகுறுப்பு வந்தது. அது வந்ததற்காகப் பிறகு பலமுறை என்னை நானே திட்டியிருக்கிறேன். ஆனால் அன்று என் கை நடுங்காமல் இருந்ததற்குக் காரணமும் அதுதான்.

கான்ஸ்டபிள் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றிருந்தார். ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னாக்கா, ஒங்க தரை உள்ளங்கால கூசுது?"

"என்ன கூசுது?"

"எறும்பு ஊர்ற மாதிரி. வந்ததுலேந்து பாக்கறேன். ஒங்களுக்கு இல்ல?"

எனக்கு இல்லை. மேசைமேல் ஆறிக் கிடந்த டீயைப் பார்த்தேன். டம்ளரின் நடுவில் சின்னச் சின்ன வளையங்கள் ஓயாமல் எழுந்துகொண்டிருந்தன.

அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் மண் அரைக்கும் 'பால் மில்' ஓடியது, குடிக்கிற பால் இல்லை, பந்து. பெரிய இரும்பு உருளைக்குள் கூழாங்கற்களையும் மண்ணையும் தண்ணீரையும் போட்டு, மணிக்கணக்கில் சுற்றி மாவாக அரைக்கும் இயந்திரம். காலையில் நான் கதவு திறக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும், பூட்டும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அத்தனை வருடத்தில் அதன் சத்தம் என் காதுக்கும் அதன் அதிர்வு என் காலுக்கும் இல்லாமலே போயிருந்தது. கப்பையும் பொம்மையையும் ஃபிளாஷில் எடுத்ததால் படத்திலும் அது வந்ததில்லை. எங்கள் பேட்டையில் பத்து வருடம் இருந்த எவரும் தரை அசையாமல் இருப்பதாகத்தான் சத்தியம் செய்வார்கள். எந்த ஸ்டாண்டும் தான் நிற்கும் தரையைவிட உறுதியாக நிற்காது. புது இடத்தில் வேலை என்றால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் வைத்துப் பாருங்கள். பழகிய இடம் என்றால் கட்டாயம் வைத்துப் பாருங்கள்.

பக்கத்துக்கு ஓடினேன். மில்லைப் பார்த்துக்கொள்ளும் குமரேசன் கையெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தான்.

"குமரேசா, அரை மணி நேரம் நிறுத்துப்பா."

"நடுவுல நிறுத்தினா மண்ணு அடில உக்காந்து கல்லாயிடும் அக்கா. அப்பறம் உள்ள எறங்கி ஒடைக்கணும். மொதலாளி என்னைத்தான் உள்ள போட்டு அரைப்பாரு." பிறகு மணி பார்த்தான். "ரெண்டு மணிக்கு கரண்ட்டு போவும்ல? அப்ப அதுவா நின்னுடும். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஏன், என்னா விஷயம்?"

நான் அதற்குள் திரும்பி ஓடிவந்துவிட்டேன். அந்த வருடம் மின்வெட்டு தினம் உண்டு. கரண்ட் போனால் ஸ்டூடியோக்காரர்களாகிய நாம் என்ன செய்வோம்? விளக்கு இல்லை, கம்ப்யூட்டர் இல்லை என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். கரண்ட் எப்போது வரும் என்றுதான் நான் எப்போதும் காத்திருந்தேன். எப்போது போகும் என்று காத்திருந்தது அன்று ஒருநாள்தான்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் நகர்த்தி, வெளிச்சம் குழியின் மேல்பக்கமாக விழும்படி வைத்தேன். எதிர்ப்பக்கம் நிழல் அதிகம் விழாமல் இருக்க ஒரு வெள்ளைப் பீங்கான் ஓட்டைச் சாய்த்து நிறுத்தினேன். கேமராவுக்குப் பேட்டரி இருக்கிறது. அது போதும்.

இரண்டு மணிக்காகக் காத்திருந்தபோது ஆர்.ஐ. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். கான்ஸ்டபிளை வெற்றிலை வாங்கிவர அனுப்பினார்.

"ஏம்மா, எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இப்ப இருக்கற படம் கலங்கல். படம் சரியா வரலன்னு சொல்லிடுங்க. மேடம் பாத்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது. கேஸு எழுதினாலும் அது சந்தேகத்துலயே கெடந்து, நிக்காம போயிடும். நீங்க பாட்டுக்குத் தெளிவா எடுத்து, உள்ள நெஜமாவே செம்பு இருந்துதுன்னு வெச்சிக்கங்க, அப்பறம் அந்தப் படம்தான் சாட்சி. பெத்தவங்களே சாட்சி சொன்னாப்புல ஆயிடும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் கலக்கியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீபன் எடுக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பிறந்ததிலிருந்து பொறுக்கிச் சேர்க்கும் பிள்ளை அவன். பள்ளிக்கூடத்து டவுசர் பையில் உடைந்த பீங்கான் குமிழ், ரயில் தண்டவாளத்துக் கல், கோலிக்குண்டு, பறவை முட்டை ஓடு எல்லாம் இருக்கும். துவைக்கும்போது எத்தனை முறை என் கையைக் கிழித்திருக்கிறது! அவன் திருட மாட்டான். ஆனால் 'ஒண்ணே ஒண்ணு, பாத்துட்டு வெச்சிடலாம்' என்று எடுத்திருப்பானோ? நேற்றிரவு நான் படுத்த பிறகு அவன் அறையில் விளக்கு எரிந்தது. என்ன செய்துகொண்டிருந்தான்? நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

ஸ்டாண்டை ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் நான் என் பிள்ளையைக் காப்பாற்றுகிறேனா, பிடித்துக் கொடுக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு திருகைத் தளர்த்தினால் போதும். யாருக்கும் தெரியாது.

என்ன நினைத்து முடிவு செய்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் ஒரு முகம் கலங்கி விழுந்துவிட்டால் அந்த வீட்டார் அத்தனை நல்ல படங்களையும் தள்ளிவிட்டு ஒவ்வொரு முறையும் அந்த ஒன்றில் போய் நிற்பார்கள். யார் இது, யார் இது என்று. இந்தக் கலங்கலும் அப்படித்தான் ஆகும் என்று தோன்றியது. ஊர் பார்க்கும். நானும் பார்ப்பேன். அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் பார்ப்பேன். அதைவிட, அந்தக் குழிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"தெளிவாவே எடுக்கறேன் சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

இரண்டு மணி தாண்டிச் சற்று நேரத்தில் விளக்கு அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உருளை ஒருமுறை பெருமூச்சுவிட்டது, இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியது, நின்றது. எனக்குத் தலை சுற்றியது. படகிலிருந்து கரையில் கால் வைத்தவள் மாதிரி மேசையைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை வருடமாக என் கால் அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. நின்றபோதுதான் தெரிந்தது.

"இப்ப கூசல" என்றார் வெற்றிலையோடு திரும்பி வந்திருந்த கான்ஸ்டபிள்.

டம்ளரைப் பார்த்தேன். டீ கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் குறைவு. முன்பு அரை விநாடி, இப்போது நான்கு விநாடி திறந்து வைக்க வேண்டும். மூன்று பேரும் வாசற்படிக்குப் போய் நின்றோம். சாலையில் லாரி வராத நேரம் பார்த்து உள்ளே போய் டைமரை அமுக்கிவிட்டு, ஓசைப்படாமல் வெளியே வந்து நின்றேன். கேமரா தனியாக அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி ஏழெட்டுப் படம்.

கேமராவின் பின்னால் இருக்கும் குட்டித் திரையில் நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அவ்வளவு சின்னத் திரையில் பச்சையும் தெரியாது, சிவப்பும் தெரியாது. அவசரத்தில் அதைப் பார்த்து மனதை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்ளாதீர்கள். பெரிய திரைக்காகக் காத்திருங்கள். கரண்ட் வரும்வரை நான் காத்திருந்தேன். என்றைக்கோ நடந்து முடிந்துவிட்ட ஒன்றின் பதில் என் கையில் இருந்த கார்டில் இருந்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் அந்தக் காத்திருப்பைத்தான் கனவில் காண்கிறேன். டப்பா வருவதில்லை.

கரண்ட் வந்தது. பக்கத்தில் மில் உறுமிக் கிளம்பியது. கம்ப்யூட்டர் மெல்ல எழுந்தது. முதல் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன்.

குழியின் விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல் தெளிவாக இருந்தது. உள்ளே, அடி வரைக்கும், பச்சை. வெளியே இருந்த அதே பச்சை. பாசி படிந்த கிணற்றுச் சுவர் மாதிரி. அதன்மேல் உப்புத் தூவினதுபோல் தனித்தனியாக மினுக்கும் புள்ளிகள்.

"இது என்னா மினுக்கறது?" என்று ஆர்.ஐ. திரையில் விரலை வைத்தார்.

"காக்காப்பொன் சார். எங்க வெள்ளை மண்ணுல எப்பவும் இருக்கும். கையில எடுத்தாலே ஒட்டும். ஆட்டத்துல அதுதான் கோடா இழுத்துக்கிட்டு செம்பு மாதிரி தெரிஞ்சிது."

அவர் தன் கைக்குட்டையை எடுத்து, திரையில் தன் விரல் பட்ட இடத்தைத் துடைத்தார். "இருக்கட்டும். மேடம் சொல்லணும்" என்றார். படத்தை சிடியில் போட்டுக் கொடுத்தேன். பிரவுசிங் சென்டரில் கொடுத்து அனுப்பப் போனார்கள். டப்பாவோடு கிளம்பும்போது கான்ஸ்டபிள் கதவருகே நின்று, "போயிட்டு வரேன் அக்கா. தம்பிக்கு டீ வாங்கிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். காலையிலேயே அதை அவர் சொல்லியிருக்கலாம். கேஸ் எப்படிப் போகும் என்று தெரியாமல் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது.

நாலரைக்கு மேல் ஆர்.ஐ.யின் போன் வந்தது. "மேடம் பாத்துட்டாங்க. காசு விழுந்து ரொம்ப காலம் ஆயிருக்கும்னு சொல்றாங்க. இவ்ளோ தெளிவா யாரு எடுத்ததுன்னு கேட்டாங்க. பையனை அனுப்பியாச்சி."

ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி ஓடலாம் என்று நினைத்தேன். அவன் வேறு வழியில் வந்துவிட்டால் என்று உட்கார்ந்துவிட்டேன். படம் திரையிலேயே இருந்தது.

உங்களுக்குச் சொல்ல நினைத்த பாடங்களையெல்லாம் வழியிலேயே சொல்லிவிட்டேன். பாக்கி ஒன்றுதான். அதை நான் சொல்ல முடியாது.

இருட்டுவதற்கு முன் கண்ணாடிக் கதவு திறந்தது. ஸ்டீபன். சட்டையெல்லாம் கசங்கி, முகம் வீங்கினாற்போல் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவன் கண் திரைக்குப் போனது. அப்படியே நின்றான். காலையிலிருந்து அவனை உட்கார வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சின்ன வயதில் தண்டவாளத்துக் கல்லைப் பார்ப்பானே, அந்தப் பார்வை வந்துவிட்டது.

என் தோளுக்கு மேலாகக் குனிந்து மௌஸைப் பிடித்தான்.

"அச்சும்மா இது" என்றான். "நம்ம பேட்டைல பொம்மைக்கு எடுக்கறோமே, அந்த மாதிரி. காசு இங்க ஒட்டிக்கிட்டு இருந்தப்ப பச்சை அதும்மேல படிஞ்சி, அது விழுந்தப்பறமும் அதோட முகம் அப்படியே அச்சா நின்னிருக்குது."

எனக்குப் புரியவில்லை. அவன் படத்தைத் தலைகீழாகத் திருப்பினான். மேலிருந்து விழுந்த வெளிச்சம் கீழிருந்து விழுவதுபோல் ஆனது. என் கண்ணெதிரே அந்தக் குழி குழியாக இல்லாமல் போனது. பள்ளமாக இருந்ததெல்லாம் மேடாக எழும்பி வந்தது. வட்டமான விளிம்பு. நடுவில் ஒரு திமில், மடக்கிய முன்னங்கால், வளைந்த கொம்பு. ஒரு காளை, இப்போதுதான் படுத்த மாதிரி.

நாள் முழுக்க அந்தக் குழியைப் பார்த்திருக்கிறேன். காணாமல் போனதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீபன் திரையில் விரல் படாமல் அந்தக் காளையைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினான்.

"ஒரு காசு கொறையுதுன்னு யாரும்மா சொன்னது?" என்றான். "இதோ இருக்குது பாரு."